நாலு விரற்கடை

முந்திரித்தோப்பு முழுக்கச் சருகு கிடந்தது. மழை விட்டு ஒரு வாரம் வெயில் அடித்ததில் எல்லாம் முறுகிப்போய், கால் வைத்த இடமெல்லாம் அப்பளம் போல நொறுங்கியது. அந்த மேட்டின் மேல் மட்டும் ஒரு சருகுகூட இல்லை.

சத்யப்பிரியா அதை உடனே கவனிக்கவில்லை. அவள் கண் கற்களைத் தேடிக்கொண்டிருந்தது. காலாப்பட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே திரும்பி, செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கி வந்த கார் நின்ற இடத்திலிருந்து பார்த்தபோது அது சும்மா ஒரு மண் திட்டு போலத்தான் இருந்தது. கிட்டே வந்த பிறகுதான் கற்கள் தெரிந்தன. பாதி புதைந்த செம்பாறைக் கற்கள், மேட்டைச் சுற்றி வட்டமாக. தானாக உருண்டு வந்த கல் இப்படி வட்டம் கட்டி உட்காராது.

"ஒரு கல்லுகூட கொறையல பாருங்க மேடம்," என்றார் ஆனந்தராஜ். காரும் அவருடையதுதான். இருவரும் புதுச்சேரியில் ஒரே கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர்கள். தோப்பை வாங்கியவர் மனை போடப்போகிறார், திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது என்று சேதி வந்திருந்தது. இது பழங்காலத்துப் புதைமேடுதான் என்று படத்தோடு காட்டிவிட்டால் வேலையை நிறுத்திவைக்கலாம். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையில் வந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் விட்டுவிட்டு வர ஆளில்லாமல் சத்யப்பிரியா மகளையும் கூட்டி வந்திருந்தாள்.

கார்குழலிக்கு ஏழு வயது. அப்பாவைப் போட்டோவில்தான் தெரியும். வீட்டில் அவளுக்கு இவள், இவளுக்கு அவள். அவ்வளவுதான் குடும்பம்.

"ம்மா, இங்க மட்டும் யாரும்மா பெருக்குனாங்க?" என்றாள் குழலி.

அப்போதுதான் சத்யப்பிரியா பார்த்தாள். நாலு பக்கமும் முந்திரிக் கிளைகள் மேட்டின் மேல் கவிந்துதான் இருந்தன. இலை விழாமல் இருக்க வழியில்லை. ஆனாலும் மண் வெறிச்சென்று, சாணி மெழுகிக் காய்ந்த வாசல் மாதிரி கிடந்தது. காற்று ஒரு பக்கமாக அடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள். நினைத்த பிறகு காற்றைத் தேடினாள். இல்லை.

மேட்டின் தெற்குப் பக்கத்தை மழைத்தண்ணீர் அறுத்து ஒரு ஓடை ஆக்கியிருந்தது. அதன் சுவரில் ஓடுகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை உருவி எடுத்து விரலால் துடைத்தாள். வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. பழங்காலத்துக் கறுப்பு-சிவப்புப் பானையின் ஓடு. பாடப்புத்தகத்தில் பார்த்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தது, இப்போது கையில் ஈரமாக இருந்தது. ஓடைக்குள் இறங்கி, முழங்கால் உயரத்தில் ஒரு திண்டு போல இருந்த இடத்தைத் தூரிகையால் தட்டித் தட்டி விலக்கினாள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு விளிம்பு வந்தது. உள்ளங்கைத் தடிமனில், கயிற்றை அழுத்திப் பதித்த வடிவத்தோடு. அதன் கீழே, பசுவின் மடிக்காம்பு போல, வரிசையாகக் குட்டைக் குட்டைக் கால்கள்.

"ஈமப்பேழை," என்றாள். குரல் தானாகத் தாழ்ந்தது. செத்தவர்களின் எலும்பை வைத்துப் புதைத்த சுட்ட மண் தொட்டி. தொட்டிக்குக் கால் வைத்துச் செய்தார்கள் அந்தக் காலத்தில். எதற்கு என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

ஆனந்தராஜ் எட்டிப் பார்த்தார். "சின்னதா இருக்குதே. மடியில போட்டுத் தாலாட்டுற கொழந்தைக்குச் செஞ்சது போல." 

ஆமாம், சின்னதுதான். ஒரு கை நீளம் இருந்தால் அதிகம். உள்ளே மண் அடைத்திருந்தது.

"அளவுகோல எடுங்க சார்."

ஆனந்தராஜ் பையைத் துழாவினார். காருக்குப் போய்த் தேடினார். தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார். "ஸ்டாஃப் ரூம் மேசையிலேயே வெச்சுட்டு வந்துட்டேன் மேடம். பேனாவ வெச்சு எடுங்களேன்."

"பேனாவ வெச்சா பேனாக்கூடுன்னு சொல்லுவான் மனை போடுறவன்."

மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. இன்னொரு மழை வந்தால் திண்டு சரிந்துவிடும். அளவுகோல் இல்லையென்றால் ஆளை நிறுத்திப் படம் எடுப்பது அவர்கள் வழக்கம். கோயில் தூணுக்குப் பக்கத்தில் மாணவர்களை நிறுத்தி எத்தனையோ எடுத்திருக்கிறாள். நின்றால் இங்கே சரியாக வராது.

"குழலி, இங்க வா. இது பக்கத்துல படு."

"அழுக்காவும்மா."

"குளிச்சிக்கலாம். இவ ஒசரம் எனக்குத் தெரியும் சார், வீட்டுல நிலைக்கதவுல கோடு போட்டு வெச்சிருக்கேன். நேரா படுடா. கைய ஒடம்போட ஒட்டி வெச்சுக்கோ. கால நல்லா நீட்டு."

"கண்ண மூடிக்கணுமா?"

"வேணாம்."

குழலி மூடிக்கொண்டாள். சத்யப்பிரியா படம் எடுத்தாள். அந்த நேரத்தில் தோப்பில் ஏதோ நின்றது. எது என்று சொல்ல முடியவில்லை. அதுவரை ஏதோ ஒரு சத்தம் இருந்திருக்கிறது, இப்போது இல்லை. காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"ஏய்! ஏம்மா! புள்ளய எழுப்பு! எழுப்பு மொதல்ல!"

தலையில் விறகுக்கட்டோடு அஞ்சலாட்சி ஓடி வந்தாள். தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்குகிறவள், ஐம்பது வயதிருக்கும். காலையில் மேட்டுக்கு வழி காட்டியதும் அவள்தான்.

"என்னாச்சுங்க?"

"இன்னா ஆச்சா? புள்ளய குழிகிட்ட படுக்கவெச்சு அளவு எடுத்துட்டு இன்னா ஆச்சுன்றா பாரு."

"போட்டோவுக்கு ஒரு அளவு வேணுங்க. அதுக்காகத்தான்."

"அதத்தான நானும் சொல்றேன்!"

ஆனந்தராஜ் சிரித்தார். "ஆயா, இது ரெண்டாயிரம் வருசத்துக் குழி ஆயா. செத்தவனே மண்ணாப் போயிட்டான்."

"யாருக்கு யாருய்யா ஆயா? ஒன் சொட்டையில என் மூஞ்சி தெரியுது, நீ என்னை ஆயான்றியா?" அவள் விறகுக்கட்டைத் தரையில் போட்டாள். மேட்டின் மேல் அல்ல, வட்டக் கற்களுக்கு வெளியே. "எங்கூர்ல எழவு வுழுந்தா மூங்கிக் குச்சியால பொணத்த அளப்பாங்க. அந்தக் குச்சியோட போயித்தான் குழி வெட்டறது. அளந்துட்டா வெட்டுன குழி சும்மா கெடக்கக் கூடாது. சொந்தக்காரங்க பொணத்த வேற ஊருக்கு எடுத்துனு போயிட்டாங்கன்னு வையி, அந்த ஒசரத்துக்கு ஒரு வாழமரத்த வெட்டியாந்து உள்ள வெச்சு மூடுவோம்."

"வாழமரம் எதுக்கு?"

"குழிக்கு ஆளு தெரியாதும்மா," என்றாள் அஞ்சலாட்சி. "அளவுதான் தெரியும். இன்னிக்கே ஒண்ணு வெட்டியாந்து வையி. சிரிக்காத."

சத்யப்பிரியா சிரிக்கவில்லை. குழலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சத்தத்திலும் அவள் கண் திறக்கவில்லை. கை ஒட்டியபடியே, கால் நீட்டியபடியே.

"குழலி. எழுந்திரு. குழலி!"

தோளைப் பிடித்து உலுக்கியதும் கண் திறந்தாள். "தூங்கிட்டேன்ம்மா," என்றாள். அவள் எழுந்த இடத்தில், தலை, தோள், குதிகால் எல்லாம் அச்சுப் போலப் பதிந்திருந்தன. இறுகிக் காய்ந்த மண்ணில், ஏழு வயதுப் பிள்ளையின் கனத்துக்கு, அவ்வளவு ஆழமாக.

*

நெல்லித்தோப்பில் அவர்கள் இருந்தது மாடி வீடு. கீழே வீட்டுக்காரி வசந்தா. வசந்தாவின் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து வந்தவர். அவர் விட்டுப்போன தேக்குக் கட்டில் ஒன்று மாடி அறையில் கிடந்தது. கடைந்தெடுத்த உயரமான நாலு கால், கீழே ஒரு ஆள் ஊர்ந்து போகலாம். அதில்தான் அம்மாவும் மகளும் படுப்பார்கள்.

குளிக்கவைத்தபோது குழலியின் தலையிலிருந்து செந்தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது வாளியிலும் வந்தது. அறை முழுக்க, புதுப்பானையில் முதல் தண்ணீர் ஊற்றியது போல ஒரு வாசம். வேறு நாளாக இருந்தால் மூச்சை இழுத்து ரசித்திருப்பாள். ஜன்னலைத் திறந்துவைத்தாள். வெளியே பிரியாணிக் கடை வாசமும் சாக்கடை வாசமும் இருந்தன. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவை வரவில்லை.

லேப்டாப்பில் படத்தைப் பெரிதாக்கினாள். பேழையின் விளிம்பு தொடங்கும் இடத்தில் குழலியின் உச்சந்தலை. முடியும் இடத்தில் குதிகால். ஒரு இழை கூடவும் இல்லை, ஒரு இழை குறையவும் இல்லை. கை நீளம்தானே இருந்தது? ஆனந்தராஜுக்குப் போன் போட்டாள்.

"லென்ஸ் மேடம். ஓரத்துல இழுத்துக் காட்டும்."

"நடுவுல இருக்குது சார்."

"அப்ப நம்ம கண்ணுதான் சின்னதாப் பாத்துச்சு. நல்லதுதான மேடம், பெருசுன்னா இன்னும் பெரிய நியூஸ்."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். குழலி தூங்கியிருந்தாள். கால் மேலே போடாமல் ஒரு நாளும் தூங்காத பிள்ளை. அம்மா பக்கத்தில் இல்லையென்றால் தலையணை மேலாவது போடுவாள். இப்போது நேராகக் கிடந்தாள். கை உடம்போடு ஒட்டியிருந்தது.

மொசைக் தரையில், கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில், ஒரு செம்மண் வட்டம் இருந்தது. டம்ளரின் அடி அளவு. யார் இங்கே டம்ளர் வைத்தது என்று முணுமுணுத்துக்கொண்டே துடைத்தாள்.

திங்கட்கிழமை விடியும்போது மழை. ஜேசிபி வரவில்லை. குழலிக்கு உடம்பு கொதித்தது. வாய் திறந்து கேட்டது தண்ணீர் மட்டும்தான், அதுவும் "மண்ணாருக்கும்மா" என்று துப்பிவிட்டாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மத்தியானம் கஞ்சிக்குப் பால் வாங்கக் கீழே இறங்கியபோது வசந்தா வாசலில் நின்றுகொண்டு மேலே பார்த்தாள்.

"ஏண்டி சத்யா, காலையிலருந்து மேல ஆட்டுக்கல்லயா உருட்டுற? என் தலமேல இடிஞ்சி வுழுதுடி."

"நான் ஒண்ணும் உருட்டலயேக்கா."

"அப்ப இது இன்னா?"

இருவரும் கேட்டார்கள். மழைச் சத்தத்துக்கு மேலே, காலியான மாடியில், காய்ச்சல்காரப் பிள்ளை மட்டும் படுத்திருந்த வீட்டில். சட்டியைத் தரையில் வைப்பது போல. வைத்து, கொஞ்சம் தள்ளி இன்னொரு சட்டி. இன்னொன்று. டொக். டொக். டொக். அவசரமே இல்லாமல்.

சத்யப்பிரியா படி ஏறியது அவளுக்கே தெரியாது. கதவைத் திறந்ததும் சத்தம் நின்றது. குழலி நேராகப் படுத்திருந்தாள். தரையில் வட்டங்கள். வராந்தாவிலிருந்து அறைக்குள், இரண்டு வரிசையாக, ஈரமாக. கட்டிலுக்கு ஒரு முழம் முன்னால் முடிந்தன.

*

வாழைமரம் கிடைப்பது கஷ்டமாக இல்லை. பக்கத்துத் தெருவில் யாரோ கல்யாணத்துக்குக் கட்டிவிட்டுக் கழற்றிப் போட்டிருந்தார்கள். ஒன்றைத் தூக்கி வந்தாள். பார்த்தவர்கள் மாட்டுக்கு என்று நினைத்திருப்பார்கள். படித்தது, பாடம் நடத்தியது, மூடநம்பிக்கை என்று கரும்பலகையில் எழுதியது எல்லாம் அந்த வழுவழுப்பான தண்டைத் தோளில் வைத்ததும் எங்கேயோ போயிருந்தது. தண்டு குளிர்ச்சியாக, ஒரு சின்னப் பிள்ளையின் கனத்தில் இருந்தது.

அளவு வேண்டும்.

அறைக்குள் கொண்டுபோனாள். குழலியின் பக்கத்தில் தண்டை வைத்துத் தலையிலிருந்து கால் வரை ஒரு கீறல் போட்டால் முடிந்தது வேலை. குனிந்தாள். முடியவில்லை. அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை, எதற்குப் பக்கத்திலும், எந்த அளவுக்கும்... வேண்டாம். நிலைக்கதவில் கோடு இருக்கிறதே.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் போட்ட கோடுகள். இருப்பதில் மேலே இருந்த கோட்டுக்குத் தண்டை நிறுத்தி, அரிவாளால் ஒரே வெட்டு. நீர் சொட்டியது.

குழலியை வசந்தாவிடம் விட்டாள். "கட்டில்ல வேணாம்க்கா, கீழ உங்ககிட்டயே வெச்சுக்கங்க," என்றாள். தண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு காலாப்பட்டு பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் லக்கேஜா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாள்.

தோப்பில் மழை விட்டிருந்தது. இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. அஞ்சலாட்சி இல்லை, யாருமில்லை. மேட்டின் மேல் அப்போதும் ஒரு இலைகூட இல்லை. ஓடைக்குள் இறங்கினாள்.

பேழை முழுசாக வெளியே வந்திருந்தது. மண்ணை யாரும் வெட்டவில்லை, திண்டும் சரியவில்லை. ஓடையின் நடுவில், தன் குட்டைக் கால்களின் மேல், நனைந்த பன்றி போல நின்றது. பக்கத்தில் மூடி, கவிழ்ந்து கிடந்தது. உள்ளே நேற்று அடைத்திருந்த மண் இல்லை. கழுவித் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. இத்தனை மழைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை.

அவள் தண்டை உள்ளே வைத்தாள். தலைப்பக்கம் ஒட்ட வைத்தாள். கால்பக்கம் இடைவெளி இருந்தது. நாலு விரற்கடை.

நாலு விரல்தானே. சாக்கைச் சுருட்டி அந்த இடத்தில் திணிக்கலாம் என்று திரும்பி, எடுத்து, மறுபடி குனிந்தாள். இடைவெளி இல்லை. தண்டு தலையிலிருந்து கால் வரை சரியாகப் பொருந்தியிருந்தது. பதற்றத்தில் கண் தப்பாகப் பார்த்திருக்கும். மூடியை எப்படித் தூக்கினாள் என்று தெரியாது, தூக்கிப் போட்டாள். கல்லும் கல்லும் உரசுவது போல ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. மண்ணை வாரி வாரி மேலே தள்ளினாள். நகக்கண் எல்லாம் மண். "எடுத்துக்கோ," என்றாள். "இதான் அளவு. எடுத்துக்கோ."

மேலே ஏறி நின்றபோது ஒரு முந்திரி இலை சுற்றிச் சுற்றி வந்து மேட்டின் மேல் விழுந்தது. அங்கேயே கிடந்தது. அவள் உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது குழலி வசந்தா மடியில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது.

"எங்கடி போயிருந்த? ஒன் பொண்ணு என் மாத்திரை டப்பாவயே காலி பண்ணப் பாக்குறா," என்றாள் வசந்தா.

"ம்மா, ஆயாம்மா மாத்திரையெல்லாம் கலர் கலரா இருக்கு," என்றாள் குழலி.

அன்றைக்கு அவள் அம்மா மேல் கால் போட்டுக்கொண்டு தூங்கினாள். அந்தக் கால் எவ்வளவு கனம் என்று சத்யப்பிரியா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

*

செவ்வாய்க்கிழமை ஒன்றும் இல்லை, சேறு காயாததால் ஜேசிபியும் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் மறுபடி மழை பிடித்தது. குழலி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பாலைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள்.

"ம்மா, நம்ம கட்டில் சின்னதாப் போச்சும்மா."

"கட்டில் எப்படிறா சின்னதாவும்?"

"ராத்திரி கால் இடிக்குது. மொழங்கால மடக்கித்தான் படுத்தேன்."

"நீ குறுக்கால படுத்திருப்ப. பாலக் குடி."

சத்யப்பிரியா அடுப்பில் இட்லிப்பானையை வைக்கப் போனாள். இரண்டு அடி வைத்திருப்பாள், ஏதோ உறுத்தியது. திரும்பிப் பார்க்கும்போது குழலி அறைக்குள் போய்விட்டிருந்தாள். நிலைக்கதவில் அவள் தலை சாய்ந்திருந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. அதற்குக் கீழே பென்சில் கோடு.

கீழே.

கிட்டே போய்ப் பார்த்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்து, போன வருஷத்துச் சித்திரை. இந்த வருஷப் பிறந்தநாளுக்கு வசந்தா வீட்டில்தான் கேக் வெட்டினார்கள். கோடு போட நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது விட்டதுதான். பிசுக்குக்கும் கோட்டுக்கும் நடுவில் விரலை வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

கரண்ட் போனது.

தெரு முழுக்க ஒரு "ஓ" கேட்டு அடங்கியது. விளக்கு வைக்கிற நேரம். வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது, ஆனால் அது வீட்டுக்குள் வராமல் ஜன்னல் கம்பியிலேயே நின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ மெழுகுவத்தி எங்கே என்று கத்தினார்கள். கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. அதற்குள் போன் அடித்தது. ஆனந்தராஜ்.

"மேடம், இன்னிக்கு அளவுகோலோட தோப்புக்கு வந்தேன். இங்கதான் நிக்கிறேன். பேழை எங்க மேடம்?"

"மூடி வெச்சேன். மண்ணு தள்ளி மூடி வெச்சேன் சார்."

"ஒண்ணும் இல்லயே. யாரோ தூக்கிட்டாங்க. வண்டித்தடமும் இல்ல, ஆள் தடமும் இல்ல. குட்டிக் குட்டியா வட்டம் வட்டமா இருக்குது, ரெண்டு வரிசையா, ரோட்டுப் பக்கமாப் போவுது. அப்புறம்..." மழை அவர் பக்கமும் கொட்டியது. "இது என்ன மேடம் விளையாட்டு? ஒரு வாழத்தண்ட யாரோ வெளிய எடுத்துப் போட்டிருக்காங்க."

அவள் போனைக் கீழே வைத்தாள். அணைக்கவில்லை. அதற்குள்ளிருந்து மேடம், மேடம் என்று சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

புதுப்பானை வாசம்.

"குழலி?"

விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். சமையலறையிலிருந்து அறைக்குப் பத்தடி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். உள்ளங்காலில் ஈரம். நொறநொறவென்று மண். குனிந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. வட்டம். வட்டம். வட்டம். இந்தத் தடவை பாதியில் முடியவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது.

கட்டிலின் மேல் நீலப் போர்வை. வழக்கம் போல ஓரமெல்லாம் தொங்கியது. போர்வைக்குள் உப்பலாக ஒரு உருவம். அப்பாடா. படுத்திருக்கிறாள். தூங்குகிறாள். அவ்வளவுதான். தூங்குகிறாள்.

கட்டில் ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது?

அவள் கண் அதைத் தாண்டிப் போனது. போக வேண்டாம் என்று நினைத்தாள். போனது. அறையின் அந்தக் கோடியில், சுவரில் சாய்த்து, தேக்குக் கட்டில் நின்றுகொண்டிருந்தது. கடைந்த நாலு கால்களும் அவளைப் பார்த்து நீட்டியபடி.

போர்வையின் ஓரத்துக்குக் கீழே கால்கள் தெரிந்தன. குட்டையாக. சிவப்பாக. பசுவின் காம்பு போல. வரிசையாக, பக்கத்தில் பக்கத்தில்.

நாலு இல்லை.

அவள் தரையில் மண்டியிட்டாள். தவழ்ந்து போனாள். போர்வை மேல் உள்ளங்கையை வைத்தாள். மெத்தை இல்லை. தலையணை இல்லை. துணிக்குக் கீழே வளைவாக, குளிர்ந்து, கெட்டியாக. கயிறு பதித்த விளிம்பு விரலில் தட்டியது. மூடி. நகத்தைக் கொடுத்து நெம்பினாள். இடுக்கு இல்லை. சூளையில் ஒன்றாகச் சுட்டு எடுத்தது போல ஒரு இடுக்குகூட இல்லை.

கையை விரித்து அளந்தாள். அவளையும் அறியாமல், சாண் சாணாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. நிலைக்கதவுக் கோட்டின் உயரம், வெட்டிய தண்டின் நீளம். ஒரு இழை கூடவும் இல்லை.

உள்ளே டொக்கென்று ஒரு சத்தம். குதிகால் மண்ணில் இடிக்கிற சத்தம். மறுபடி. மறுபடி.

"குழலி," என்றாள். காதை மூடியின் மேல் வைத்தாள்.

ரொம்பக் கிட்டே, ரொம்ப அடியில், தூக்கக் கலக்கத்தோடு, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையின் குரல்.

"நேராத்தாம்மா படுத்திருக்கேன். கைய ஒட்டித்தான் வெச்சிருக்கேன். கால மட்டும் நீட்ட முடியலம்மா."